பழைய அளத்தில் என்ன இருந்தது?

பிள்ளை பொய் சொல்கிறாள், உடனே வரச் சொல்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்தபோது, தெக்லா இறால் கம்பெனியில் உரித்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், கீழப்பேரி கடைத்தெரு முழுக்க அந்த வாடையோடு நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. வீடு போனது, ஊர் போனது, புருஷனின் வள்ளம் போனது. எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. ஆனால் தன் வயிற்றில் பிறந்தது பொய் சொல்லாது என்று இன்று காலை வரைக்கும் நம்பியிருந்தாள்.

மூன்றாம் வகுப்பு வாசலில் பிரின்சி தனியாக நின்றுகொண்டிருந்தாள். எட்டு வயது. தெக்லா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"பொய்யாட்டி சொல்லுத?"

பிள்ளை அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு அம்மாவையே பார்த்தது.

"நான் பொய் சொல்லலம்மா. நம்ம குழாயில மஞ்சத்தண்ணி வருதுன்னு சொன்னேன்."

"வேற என்ன சொன்ன?"

"அதத்தான் சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."

இன்னொரு அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. குழாயில் மஞ்சள் தண்ணீர்தான் வருகிறது. காலையில்கூட அதைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்துத்தான் சின்னவன் அலோசிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அவனுக்கு வயிறு போவது நிற்கவே இல்லை. ஒரு வயதுப் பிள்ளை, தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறான்.

வகுப்புக்குள்ளிருந்து சண்முகவடிவு டீச்சர் அவசரமாக வெளியே வந்தார். வகுப்பாசிரியர் என்று பெயர்தான் அவருக்கு. பாடம் நடத்துவது சுவரில் இருக்கும் திரை. பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதும், ஒன்றுக்குப் போக அனுப்புவதும்தான் இப்போது அவர் வேலை.

"ஏம்மா பிள்ளைய அடிச்சீங்க? நான் உங்களக் கூப்பிடல. மூணாவது பொய்ப் புகார் பதிவானா வீட்டுக்குத் தகவல் தன்னாலப் போயிரும்."

"அது பொய்யில்ல டீச்சர்."

"எனக்குத் தெரியாதா? வாங்க, உள்ள வந்து பாருங்க."

திரையில் இருபது வயதுப் பெண் ஒருத்தியின் முகம் சிரித்தது. காதில் சின்ன ஜிமிக்கி, நெற்றியில் திருநீறும் இல்லாமல் கழுத்தில் சிலுவையும் இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான முகம். குடிமைத் தோழி என்று பெயர். தோழி என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள்.

"மூணாங்கிளாஸுல 'அரசும் நானும்'னு ஒரு பாடம்" என்றார் டீச்சர். "ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவுல உள்ள ஒரு குறையச் சொல்லணும். விளையாட்டுக்கு இல்ல. நெசமாவே நகராட்சிக்குப் போயிரும், சரியும் பண்ணிருவாவ. போன வாரம் ஒரு பையன் தெருவிளக்கு எரியலன்னான். மறுநாளே வந்து மாட்டிட்டுப் போனாவ. அவனுக்குப் பெருமை தாங்கல. 'நான் சொன்னேன், கவர்மெண்டு கேட்டுட்டு'ன்னு பள்ளிக்கூடம் பூரா ஓடுதான்."

"என் பிள்ளை சொன்னா மட்டும் கேக்காதாமா?"

தெக்லா திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏ பிள்ள, இங்க பாரு. நான் பிரின்சியோட அம்மை. அவ சொன்னது நெசம். எங்க குழாயில மஞ்சத்தண்ணி வருது."

"வணக்கம், தெக்லா அவர்களே" என்றது தோழி. குரலில் தேன் ஒழுகியது. "பிரின்சி கெட்டிக்காரப் பெண். ஆனால் அவள் சொன்ன இடம் பழைய உப்பளம். அங்கே யாரும் வசிப்பதில்லை. இல்லாத தெருவைப் பற்றிச் சொல்வது மற்றவர்களுக்குச் சேர வேண்டிய உதவியைத் தாமதப்படுத்தும்."

"நாங்க அங்கதான குடியிருக்கோம்!"

"உங்கள் முகவரி சங்குமுனை, ஏழாவது வார்டு. அங்கே இப்போது கடல் இருக்கிறது. உங்கள் முகவரி நிலுவையில் உள்ளது. நிலுவையில் உள்ளவர்களிடமிருந்து புகார் பெற எனக்கு அனுமதி இல்லை. வருந்துகிறேன்."

"அப்போ நான் யாரு?"

"நீங்கள் பிரின்சியின் தாய்" என்று சொல்லிச் சிரித்தது தோழி.

தெக்லாவுக்குத் திரையை உடைத்துவிடலாமா என்றிருந்தது. டீச்சர் அவள் தோளைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்.

"அதுகிட்ட சண்டை போட்டுப் பிரயோசனமில்லம்மா. அது வரைபடத்தத்தான் நம்பும். வானத்துல இருந்து எடுக்க படத்த வச்சு வரைபடம் தன்னால மாறிக்கிட்டே இருக்கும். கடல் உங்க ஊருக்குள்ள வந்ததும் அங்க தண்ணின்னு ஆயிட்டு. தண்ணியில யாரும் குடியிருக்க முடியாதுல்லா? அதனால வார்டு போச்சு. வார்டு போனதும் அதுல உள்ள பேரெல்லாம் நிலுவைன்னு ஆயிட்டு. ஓட்டும் போச்சு, ரேஷனும் போச்சு."

"எவன் கையெழுத்துப் போட்டான்?"

"யாரும் போடல. அதுதான் கொடும. கள்ள ஓட்ட ஒழிக்கணும்னுதான் இதக் கொண்டுவந்தாவ. இல்லாத வீட்டுல முப்பது ஓட்டு இருந்த காலமெல்லாம் உண்டு. அன்னைக்கு நானும்தான் கை தட்டினேன்."

தெக்லா பிரின்சியின் கன்னத்தைத் தடவினாள். விரல் தடம் சிவந்திருந்தது. யாரை அடிக்க வேண்டும் என்று தெரியாமல், கைக்கு எட்டிய பிள்ளையை அடித்தாயிற்று. அந்த எண்ணம் அவளுக்குள் நெருப்பாகக் கிடந்தது.

ஊர் கடலுக்குள் போனபோது ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் பழைய உப்பளத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருடமாகிவிட்டது. போட்டுக் கொடுத்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அளத்தின் வழியாக எங்கோ போகும் ஒரு குழாயிலிருந்து யாரோ ஒரு திருகுக்குழாய் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதுதான் நாற்பது குடும்பத்துக்கும் தண்ணீர். கொஞ்ச நாளாக மஞ்சளாக வருகிறது. நகராட்சி வாசலுக்குப் போனால் டோக்கன் இயந்திரம் முகத்தைப் பார்த்துவிட்டு, 'முகவரி நிலுவை' என்று சொல்லிக் கதவைத் திறக்காது.

அன்று சாயங்காலம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த புருஷன் வியானியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"விடுட்டி. பிள்ளைய வேற ஏதாவது சொல்லச் சொல்லு. பள்ளிக்கூடத்துல பெஞ்சு ஆடுதுன்னு சொன்னா மார்க்கு போட்டுட்டுப் போறாவ."

"பெஞ்சா ஆடுது இங்க? உம்ம மவன் வயிறு போயிக் கிடக்கான். எட்டு வயசுப் பிள்ளைக்கு இருக்க ரோசம் உமக்கு இல்ல."

 வியானிக்கும் கோபம் இருந்திருக்கும். அது எங்கேயோ அடியில் போய்ப் படிந்துவிட்டது. தெக்லாவுக்கு அப்படிப் படியவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் வேலிப் பக்கம் நஸ்ரின் வந்து நின்றாள். பிரின்சியின் வகுப்புத் தோழி. பன்னிரண்டாவது வார்டின் கடைசித் தெருவில் அவள் வீடு. பின்சுவரைத் தாண்டினால் அளம். சாயங்காலமானால் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து விளையாடுவார்கள்.

"ஆன்ட்டி, நான் இன்னும் என் புகாரச் சொல்லல. நாளைக்கு என்னையக் கூப்பிடும். நான் பிரின்சிக்காகச் சொல்லட்டா? எனக்கு வார்டு இருக்குல்லா?"

தெக்லா வேலிக்குள் கையை விட்டு அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள். ஒரு பிள்ளைக்குத் தோன்றியது தங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தாள். அங்கேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அளத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்கள் குழாயில் மஞ்சள் தண்ணீர் வருகிறது, கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லை, சீக்கிரம் சரி பண்ணுங்கள். நஸ்ரின் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். கடைசித் தடவை தடங்கல் இல்லாமல் வந்தது.

மறுநாள் தெக்லா கம்பெனிக்குப் போகவில்லை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நஸ்ரின் எழுந்து, சொல்லிக் கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

தோழியின் முகம் மலர்ந்தது. "மிக முக்கியமான தகவல், நஸ்ரின். உப்பளத்தில் ஆட்கள் இருப்பதை நீயே பார்த்தாயா?"

"ஆமா, தினமும் பாக்கேன்."

"எவ்வளவு காலமாக இருக்கிறார்கள்?"

"ரொம்ப நாளா."

"எத்தனை குடும்பம் இருக்கும்?"

நஸ்ரின் ஜன்னலைப் பார்த்தாள். தெக்லா நான்கு விரலைக் காட்டிவிட்டுக் கையால் வட்டம் போட்டாள்.

"நாப்பது."

"நன்றி. உன் புகார் ஏற்கப்பட்டது. நீ கண்ணைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளை."

வகுப்பு கை தட்டியது. வெளியே தெக்லா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அளத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்தின் காதில் விழுந்திருக்கிறது. அன்று கொட்டகைக்குக் கொட்டகை போய் அவளே சொன்னாள். பக்கத்து வீட்டுச் சலேத் சீனி வாங்கி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். வியானிகூடச் சிரித்தான்.

நான்கு நாள் கழித்து வண்டிகள் வந்தன.

முதலில் குழாய்க்காரர்கள் என்றுதான் பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். வந்தவை தூக்கி வண்டிகள். நீளக் கைகளும் அகல வாய்களுமாக, ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல், வரிசையாக வந்து நின்றன. அவற்றோடு ஒரே ஒரு மனிதன் இறங்கினான். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் சிலேட்டு போன்ற திரையுள்ள டேப். கார்முகில், உதவிப் பொறியாளர் என்று அட்டையில் போட்டிருந்தது. அவன் இதமாகத்தான் பேசினான்.

"அக்கா, யாரும் பயப்பட வேண்டாம். சாமான்லாம் சேதாரமில்லாம எடுத்துருவோம். பன்னிரண்டாவது வார்டுல இருந்து குடிமகள் ஒருத்தங்க புகார் கொடுத்திருக்காங்க."

தெக்லா முன்னால் வந்தாள்.

"அது எட்டு வயசுப் பிள்ளை கொடுத்தது சார். நான் சொல்லிக் கொடுத்துக் கொடுத்தது. தண்ணி சரியில்லன்னு கொடுத்தது!"

"தண்ணியும் இதுல இருக்குக்கா. பாருங்க." அவன் டேப்பைத் திருப்பிக் காட்டினான். "'உப்பள நிலத்தில் அனுமதியற்ற குழாய் இணைப்பு, துண்டிக்கவும். உப்பள நிலத்தில் தடைகள், அகற்றவும்.' இவ்வளவுதான் எனக்கு வந்திருக்கு."

"தடையா? எது தடை?"

கார்முகில் கொட்டகைகளைப் பார்த்தான். குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்தான். சலேத்தின் இடுப்பிலிருந்த அலோசியைப் பார்த்தான். 

"கேக்கேன்லா, எதுல தடை? மஞ்சத்தண்ணி வருதுன்னு சொன்னா தண்ணியவே நிப்பாட்டுவியளா? ஆளு இருக்குன்னு சொன்னா ஆளத் தூக்குவியளா? பிள்ளைக்கு வயிறு வலிக்குன்னா வயித்தவே அறுத்து எறிஞ்சிருவியளோ?"

அவள் டேப்பைப் பிடுங்கிப் பாத்தியில் தேங்கிக் கிடந்த உப்புத் தண்ணீருக்குள் விட்டெறிந்தாள். அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவன் வண்டிக்குப் போய் இன்னொரு டேப்பை எடுத்து வந்தான்.

"நான் நிறுத்தினாலும் வண்டி நிக்காதுக்கா. எனக்கு இதுல மேற்பார்வை மட்டும்தான். மனுசங்க மேல பட்டுறாமப் பாத்துக்கணும்."

நீளக் கைகள் தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றின. ஒரு பாத்திரம் உடையவில்லை, ஒரு துணி கிழியவில்லை. ஒவ்வொரு வீட்டுச் சாமானும் தனித்தனிப் பொதியாகி, மேலே ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. உரியவர் முகவரிக்கு அனுப்பப்படும் என்று சீட்டில் இருந்தது. முகவரிக்கான இடத்தில் நிலுவை என்று இருந்தது. வியானி கொட்டகைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி காத்திருந்தது. அவன் கை சோர்ந்து விட்டபிறகு கம்பத்தை எடுத்துக்கொண்டது.

பின்சுவருக்கு மேலே நஸ்ரினின் தலை தெரிந்தது. அவள் வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். வண்டிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் உம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

துறைமுகத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்த பழைய மீன் ஏலக்கூடத்தில் போய் எல்லோரும் ஒண்டினார்கள். அங்கே ஓர் அடிபம்பு இருந்தது. தண்ணீர் நன்றாக இருந்தது. அலோசியின் வயிறு தேறி, பிள்ளை எழுந்து நடக்கவும் ஆரம்பித்தான். 'கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லை' என்று நஸ்ரின் சொன்ன குறையும் இதனால் தீர்ந்துவிட்டது என்றுதான் அந்தத் திரை தன் கணக்கில் எழுதியிருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் தெக்லா பல்லைக் கடித்தாள்.

வண்டிகள் வந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பிரின்சி சொன்னாள். தோழி நஸ்ரினை எழுந்து நிற்கச் சொல்லி, "உன் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது, நூற்றுக்கு நூறு" என்றதாம். கை தட்டச் சொன்னதாம். நஸ்ரின் மேஜை மேல் வாந்தி எடுத்தாளாம்.

"நீ அவகிட்ட பேசினியாட்டி?"

"நான் பேசினேம்மா. அவதான் பேச மாட்டேங்கா. என்னையப் பாத்தாலே அழுதா."

ஆண்டு முடிந்தது. மூன்று பொய்ப் புகாருக்கும் சேர்த்துப் பிரின்சிக்கு அந்தப் பாடத்தில் பூஜ்யம். சண்முகவடிவு டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை. மற்ற பிள்ளைகள் நான்காம் வகுப்புக்குப் போனார்கள். பிரின்சி மறுபடியும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்தாள்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், கூட்டிவர யாரும் போகாமலே பிரின்சி ஏலக்கூடத்துக்கு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, நாம பாடத்துல வந்திருக்கோம்."

தெக்லாவுக்கு விளங்கவில்லை. பிள்ளை நின்ற இடத்திலேயே ஒப்பித்தது.

"'விழிப்புள்ள நஸ்ரின். நஸ்ரின் தன் வீட்டுக்குப் பின்னால் உப்பளத்தில் தடைகள் இருப்பதைக் கண்டாள். உடனே அரசிடம் சொன்னாள். அரசு அந்த இடத்தைச் சுத்தம் செய்தது. நஸ்ரின் நல்ல குடிமகள்.' படமெல்லாம் போட்டிருக்கும்மா. வெள்ளையா அளம் மட்டும் இருக்கு. கொக்கு நிக்குது. அப்புறம் கேள்வி வருது. 'பழைய அளத்தில் என்ன இருந்தது?' தடைகள்னு சொல்லணும்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீடு இருந்துச்சுன்னு சொன்னேன். தப்பு, மறுபடி முயற்சி செய்னு சொல்லிட்டு. மறுபடியும் அதத்தான் சொன்னேன். அம்மா, நாளைக்கும் அது கேக்கும். நான் என்ன சொல்ல?"

தெக்லா பிள்ளையை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினாள்.  

"அது ஆயிரம் தடவ கேட்டாலும் நீ அதையே சொல்லு. தப்புன்னு சொன்னா சொல்லட்டும். இன்னொரு வருசம் அதே கிளாஸுல உக்காந்தாலும் சரி. உங்க அம்மை ஒண்ணும் சொல்ல மாட்டா."

அந்த வாரக் கடைசியில் பிரின்சியைக் கூட்டிக்கொண்டு சண்முகவடிவு டீச்சரே ஏலக்கூடத்துக்கு வந்தார். பெண்கள் வலை பின்னிக்கொண்டிருந்த இடத்தில், சேலையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பா பயமா என்று தெரியாத ஏதோ ஒன்று இருந்தது.

"என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்லம்மா. முதல்ல உங்க பிள்ளை மட்டும்தான் அப்படிச் சொன்னா. இடைவேளையில நஸ்ரின் நாலாங்கிளாஸுல இருந்து வந்தா. இத்தன மாசமா வாயே திறக்காத பிள்ளை. பெஞ்சு மேல ஏறி நின்னு, நடந்த அம்புட்டையும் சொன்னா. 'என் பேரப் போட்டுப் பொய் எழுதியிருக்காவ'ன்னு சொன்னா. மறுநாள் பத்துப் பிள்ளைங்க 'பிரின்சி வீடு இருந்துச்சு'ன்னு சொல்லிச்சு. அதுக்கு மறுநாள் கிளாஸே சொல்லிட்டு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா டீச்சர்?"

"விடைய நான் சொல்லக் கூடாதுன்னு சட்டம். அதனால சும்மா இருந்தேன்" என்று டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "பாதிப் பிள்ளையாவது சரியாச் சொன்னாத்தான் பாடம் அடுத்த பக்கம் போவும். போவல. நாலு நாளா அதே கேள்விதான். பிள்ளைகளைப் பெத்தவங்க வந்து சத்தம் போட்டாவ. பிள்ளைங்க மாத்திச் சொல்லல. இன்னைக்குக் காலையில தோழி என்ன பண்ணிச்சு தெரியுமா? ஒரு கிளாஸு முழுக்க ஒரே விடையத் திரும்பத் திரும்பச் சொன்னா, பாடத்துலதான் பிழைன்னு எடுத்துக்கிடுமாம். விடைய மாத்திட்டு. 'பழைய அளத்தில் என்ன இருந்தது? பிரின்சியின் வீடு.' எல்லாத்துக்கும் முழு மார்க்கு."

பிரின்சி துள்ளினாள். சலேத் கை தட்டினாள். தெக்லா மட்டும் சிரிக்கவில்லை.

"மார்க்க வச்சு நான் என்ன செய்ய? அதுலயா படுக்க முடியும்?"

"கோபப்படாதீங்கம்மா, பிள்ளைங்க..."

"கோபப்படாம? கடல் வந்து வீட்ட எடுத்துது. கடலுக்கு அறிவு கிடையாது, சரின்னு விட்டேன். இவிய அறிவாலதான எடுத்தாவ?" அவள் சட்டென்று நிறுத்தினாள். வலையைக் கீழே வைத்தாள். "டீச்சர், ஒண்ணு கேக்கேன். நஸ்ரின் கிளாஸுல சொன்னது நேரா ஆபீஸுக்குப் போச்சுல்லா? வண்டி வந்துச்சுல்லா?"

"ஆமா. அங்கயும் இங்கயும் ஒரே மூளைதான்."

"அப்போ இதுவும் போயிருக்கும்."

டீச்சர் அவளையே பார்த்தார். அப்படி அவர் யோசித்திருக்கவில்லை.  வியானி எழுந்து, ஏலக்கூடத்தின் மூலையில் கிடந்த தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் நாற்பது குடும்பமும் அளத்துக்கு நடந்தது. தகரம் இல்லை. தார்ப்பாய், பழைய வலை, கிழிந்த பாய்மரத் துணி, கம்பு, கிடைத்ததையெல்லாம் வைத்து, முன்பு யார் யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே கூரை போட்டார்கள். பின்சுவருக்கு மேலிருந்து நஸ்ரின் ஒரு கயிற்றில் குடத்தைக் கட்டி இறக்கினாள். நல்ல தண்ணீர்.

வெயில் ஏறும்போது வண்டிகள் வந்தன. கார்முகில் இறங்கி வந்தான். தெக்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மறுபடியும் ஏன்க்கா? யாரு உங்களுக்கு அனுமதி கொடுத்தது?"

"மூணாங்கிளாஸ் பிள்ளைங்க."

அவன் பெருமூச்சு விட்டு டேப்பைத் தட்டினான். படித்தான். மறுபடி படித்தான். பின்னால் நின்ற வண்டிகளைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் தெக்லா.

"'தடைகள், அகற்றவும்'னுதான் இருக்கு." அவன் நெற்றியைத் துடைத்தான். "ஆனா கீழ புதுசா ஒண்ணு இருக்கு. 'வீடு, ஒன்று. பிரின்சியின் வீடு.' போன தடவ இது இல்ல."

"வீடுன்னா?"

"வீடுன்னா தொட முடியாதுக்கா. மனுசன் ஒருத்தர் உக்காந்து விசாரணை வைக்கணும். குடியிருக்கறவங்களக் கூப்பிட்டுக் கேக்கணும். அதுக்கப்புறம்தான் எதுவும். அது ஒண்ணத் தவிர்த்து மத்ததெல்லாம் எடுத்துரலாம்." அவன் நிமிர்ந்து தார்ப்பாய்க் கூரைகளைப் பார்த்தான். "எந்த இடம்னு இதுல குறிக்கல. இதுல பிரின்சி வீடு எதுக்கா?"

தெக்லாவின் கை தன் கூரையைக் காட்டத் தானாகவே எழுந்தது. ஒரு கணம்தான். மூன்று வருடக் கோபத்துக்குப் பிறகு அவள் கண் முன்னால் ஒரு வீடு நின்றது, அவளுடைய வீடு, யாரும் தொட முடியாத வீடு. அதற்குள் பக்கத்துக் கூரைக்குக் கீழேயிருந்து சலேத்தின் குரல் வந்தது.

"இதுதான் தம்பி பிரின்சி வீடு."

கார்முகில் அந்தப் பக்கம் திரும்பினான். அடுத்த கூரையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து நின்றார்.

"அது இல்ல தம்பி. இதுதான்."

"இங்க வாங்க சார், இதுதான் பிரின்சி வீடு" என்றாள் அதற்கு அடுத்தவள். அதற்கும் அடுத்து. குரல் அளத்தின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியது. பிரின்சி நடுவில் நின்று எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கார்முகில் டேப்பைத் தாழ்த்தினான். தெக்லாவைப் பார்த்தான். அவள் தூக்கிய கையை இறக்கி, தன் கூரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் பிரின்சி வீடுதான்" என்றாள். "எழுதிக்கோ தம்பி. ஒவ்வொண்ணா எழுது."